பதினோரு நாவல்கள், பதினோரு முதல் பக்கங்கள்

"ஏழாவது கதையில அந்த நாய் செத்துப்போற எடம் இருக்குதே சார், அதக் கேட்டுட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல. நீங்க படிக்கும்போது உங்களுக்கு எப்பிடி இருந்திச்சி?"

சவரிமுத்து ஐயா இதைக் கேட்டபோது என் வாயில் அவித்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, இருந்தது. மென்று விழுங்கும்வரை யோசிக்க நேரம் கிடைத்தது. உண்மையைச் சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். நான் அதை முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பயன்படுத்தினேன்.

"அத ஏன் ஐயா கேக்கறீங்க," என்றேன். "மனுஷனுக்கு மேல அந்த நாயி. என்னால அந்தப் பக்கத்தத் தாண்டவே முடியல."

திண்டிவனத்தில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், சிமென்ட் ஷீட் போட்ட அவருடைய வீடு. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்திருந்தார்கள். சுவரில் மாதா படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கட்டிலில் ஐயா, பிளாஸ்டிக் நாற்காலியில் நான், நடுவில் ஸ்டூல் மேல் மல்லாட்டைத் தட்டு. சமையலறை வாசலில் டீ டம்ளரோடு அவருடைய மகள் அருள்மேரி நின்றிருந்தார்.

நான் பதில் சொன்னதும் அருள்மேரியின் முகம் மாறியது. நாயை நினைத்து வருத்தப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐயா ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கினார். "அப்பிடிங்களா சார்," என்றார்.

அந்த நாய் என்ன ஆனது என்று சொல்வதற்கு முன்னால், என் பையில் இருக்கும் ஒரு பட்டியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நாவல் சார்

எனக்கு ஐம்பத்தேழு வயது. விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வீடு திண்டிவனத்தில். இருபது வருடங்களுக்கு மேலாகக் காலைப் பாசஞ்சரில் போய் மாலை ரயிலில் திரும்புகிறேன். இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் என்னைப் பற்றி நான் எழுதிய நல்ல வார்த்தைகளை வாசகர்கள் இன்றோடு மறந்துவிடலாம்.

என்னிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு. அதன் முதல் பக்கத்தில் பதினோரு நாவல்களின் பெயர்கள். எல்லாம் பெரிய நாவல்கள். நாலு பேர் கூடி இலக்கியம் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் வந்துவிடும் பெயர்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படித்தவர்கள் கடிதம் போடுவார்கள். பதில் எழுத வேண்டுமானால் நானும் படித்திருக்க வேண்டும். ஆகவே எண்கள் மட்டும்.

பதினொன்றும் என் வீட்டில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. இல்லை, என்னை நானே அநியாயத்துக்குத் தாழ்த்திக்கொள்ளவும் கூடாது. பதினொன்றின் முதல் பக்கத்தையும் படித்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் ஐம்பது அறுபது தடவை.

திண்டிவனத்தில் ஏறி உட்கார்ந்ததும் புத்தகத்தைத் திறப்பேன். மயிலம் வருவதற்குள் முதல் பக்கம் முடியும். அங்கே யாராவது ஏறி, "இன்னா சார், எப்பிடி இருக்கீங்க?" என்பார்கள். பேரணியில் கை தானாகப் போனை எடுக்கும். யாரோ எங்கோ பரோட்டா வீசுகிற வீடியோவைப் பார்ப்பேன். விக்கிரவாண்டியில் கண் சொக்கும். ஆலை ஓடுகிற மாதங்களில் முண்டியம்பாக்கத்துக் கரும்பு வாசனை வந்து எழுப்பும். மறுநாள் எங்கே விட்டேன் என்று நினைவிருக்காது. ஆகவே மறுபடி முதல் பக்கம்.

இதில் ஒரு லாபம் உண்டு. பதினோரு நாவல்களின் தொடக்கமும் எனக்கு மனப்பாடம். உதாரணமாக ஏழாம் எண். ஒரு பெண் விடியற்காலையில் கிணற்றடியில் நின்று ராட்டினத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருப்பாள். யாருக்காக இழுக்கிறாள், அந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் மதியச் சாப்பாட்டு வேளையில் குரலைத் தாழ்த்தி, "கிரீச்சுனு ஒரு சத்தம்... அந்தக் கயித்துலதான்யா முழு நாவலும் இருக்கு," என்று நான் சொன்னால், சக ஊழியர்கள் டிபன் பாக்ஸில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிடுவார்கள்.

அலுவலகத்தில் எனக்கு 'நாவல் சார்' என்று பெயர். நான் மறுத்ததில்லை.

கண்டமங்கலத்தில் ஆரம்பித்தது

இந்த வியாதி எப்போது தொடங்கியது என்று யோசித்தால், பெண் பார்க்கப் போன நாள் வரைக்கும் போகிறது.

என் மனைவி வளர்மதிக்குக் கண்டமங்கலம். அங்கே அவள் பெரியப்பா, "மாப்பிள்ளைக்கு மத்த நேரத்துல இன்னா பழக்கம்?" என்று கேட்டார். குடியா, சீட்டா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது. "நாவல் படிப்பேங்க," என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் படித்திருந்தது பள்ளியில் துணைப்பாடமாக வந்த ஒரு ஒல்லிப் புத்தகம். அதையும் நோட்ஸில்தான் படித்தேன்.

சொன்னது வீணாகப் போகவில்லை. தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டில் வேட்டி சட்டையோடு ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தில் ஒரு நாவலும் வைத்துக் கொடுத்தார்கள். அதுதான் பட்டியலில் நான்காம் எண். எங்கள் வீட்டில் என்னைவிட ஒழுங்காக வேலை செய்வது அந்தப் புத்தகம்தான். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசரைத் தாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் அசையாமல் இருக்கிறது. ஒருமுறை வீராப்பாக அதை எடுக்கப் போனேன்.

"அத உருவுனா ஸ்டெபிலைசர் சாஞ்சிடுங்க," என்றாள் வளர்மதி. "முப்பது வருஷமா படிக்காதவருக்கு இன்னிக்கு மட்டும் இன்னா ஜல்தி?"

நியாயமாகப் பட்டது. நோட்டை எடுத்து நான்காம் எண்ணுக்கு எதிரே 'அவசரம் இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.

இதே மாதிரி இன்னும் இரண்டு குறிப்புகள் உண்டு. ஆறாம் எண் இருக்கிற அலமாரித் தட்டுக்கு மேலே கூரை ஒழுகும். மழை தொடங்கினால் அதை எடுத்து பீரோவில் வைக்க வேண்டும். மறக்காமல் இருக்க எதிரே 'மழைக்காலம்' என்று எழுதினேன். ஒன்பதாம் எண்ணில் எழுத்துகள் எறும்பு எறும்பாக இருக்கும். அதற்கு எதிரே 'கண்ணாடி மாற்றிய பிறகு'.

பதினோரு பெயர்களுக்கும் மேலே, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு, ஒரு தலைப்பும் போட்டிருந்தேன்: 'படிக்க வேண்டிய நாவல்கள்'.

ஒரு போட்டோ

அருள்மேரிக்கு விழுப்புரத்தில் வேறோர் அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. என் பெட்டியில்தான் வருவார். இரண்டு வருடங்களுக்கு முன்பு, மயிலம் தாண்டிய ஒரு காலையில், என் மடியில் திறந்திருந்த நோட்டை எட்டிப் பார்த்தார்.

"சார், இது நீங்களே எழுதுன லிஸ்டா?"

"ஆமாம்மா."

"ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா சார்?"

இந்த இடத்தில் நம் மொழியைக் கொஞ்சம் குறை சொல்லிக்கொள்கிறேன். யார் படிக்க வேண்டும் என்று சொல்லாமலே இந்தத் தலைப்பு தமிழில் முழுமையாக நிற்கும். 'நான் இன்னும் படிக்க வேண்டியவை' என்ற எண்ணத்தில் எழுதினேன். 'எல்லாரும் கட்டாயம் படிக்க வேண்டியவை' என்று அருள்மேரி படித்தார். அவருக்கு எப்படிப் புரிந்திருக்கிறது என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லித் திருத்தியிருக்கலாம். நான் வெளிச்சம் விழுவதற்கு வாகாக நோட்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"எங்க அப்பாவுக்கு சார்," என்றார் அருள்மேரி. "மார்க்கெட் கமிட்டியில நாப்பது வருஷம் மூட்ட தூக்குனவரு. துப்பறியும் கத புக்கா வாங்கிப் படிச்சிக்கினே இருப்பாரு. இப்ப சக்கரையில கண்ணு மங்கிப்போச்சி. வூட்ல குந்திக்கினு எல்லாரையும் பேஜாரு பண்றாரு. தெனம் கொஞ்ச நேரம் நான் படிச்சிக் காட்டலாம்னு இருக்கேன்."

"நல்ல காரியம்மா," என்றேன்.

"புக்கு உங்ககிட்ட இருக்குமா சார்?"

இருந்தது. ஆனால் பக்கத்துக்கு அடையாளமாகக் கடைக்காரர் செருகிக் கொடுத்த அட்டை எல்லாவற்றிலும் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. சிலவற்றில் பின்பக்கத் தாள்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. "புத்தகத்த இரவல் கொடுக்கறதில்லன்னு ஒரு கொள்கைம்மா," என்று சொன்னேன். அந்தக் கொள்கைக்கு அப்போது அரை நிமிட வயது. அருள்மேரி நூலகத்தில் தேடி ஒவ்வொன்றாக எடுத்தார்.

அப்பாவின் தீர்ப்புகள்

அதற்குப் பிறகு காலை ரயிலில் எனக்குப் பரீட்சை நடந்தது. நேற்று எத்தனை பக்கம், அப்பா என்ன சொன்னார் என்று அருள்மேரி சொல்வார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு "ம்" என்பேன். 'ம்' என்ற எழுத்தில் எத்தனை வகை உண்டு என்று நான் அந்த நாட்களில்தான் கற்றுக்கொண்டேன். ஆமோதிக்கிற ம், யோசிக்கிற ம், அந்தக் கதாபாத்திரத்தை நினைத்து நெஞ்சு கனத்த ம்.

"ரெண்டாவது கதையில வர்ற பண்ணையாரு பொண்டாட்டிய அப்பா திட்டிக்கினே இருக்காரு சார். நீங்க இன்னா நெனைக்கறீங்கன்னு கேக்கச் சொன்னாரு."

"அவர் பார்வையிலேருந்து பாத்தா அது சரிதாம்மா," என்றேன். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் இது. தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

என் குறிப்புகளையும் அவர்கள் விடவில்லை. நான்காம் எண்ணுக்கு 'அவசரம் இல்லை' என்று இருந்ததால், அதை தினம் நான்கே பக்கம் என்று ஐந்து மாதம் படித்தார்கள். "அப்பிடிப் படிச்சாத்தான் சார் அது உள்ள எறங்குது. எவ்ளோ கரெக்டா எழுதி இருக்கீங்க," என்றார். ஒன்பதாவதைத் தள்ளி வைத்துவிட்டு எட்டையும் பத்தையும் முன்னால் படித்தார்கள். 'கண்ணாடி மாற்றிய பிறகு' என்றால் உலகத்தைப் பார்க்கிற பார்வை கொஞ்சம் மாறிய பிறகு என்று அப்பா விளக்கம் சொன்னாராம். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "ம்" என்றேன்.

சென்ற வருடம் வெயில் காலத்தில் ஐயாவுக்குக் காலில் புண் வந்து ஆறாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அருள்மேரி ரயிலில் பேசவே இல்லை. பிறகு ஐயா வீடு திரும்பினார். கார்த்திகையில் பெருமழை பிடித்து ஊரில் பாதித் தெருக்கள் தண்ணீரில் நின்றன. ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய அன்று அருள்மேரி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"மூணு நாளு கரண்ட் இல்ல சார். ஜன்னலாண்ட குந்திக்கினு பகல்லயே ஆறாவத முழுசா படிச்சி முடிச்சிட்டோம். ஏன் மழைக்காலம்னு எழுதினீங்கன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சிது." அவர் கண் கலங்கியிருந்தது.

எனக்குப் புரியவில்லை. "அதாம்மா," என்றேன்.

பதினொன்றும் முடிந்ததும் ஐயா ஒன்று கேட்டாராம். இந்தப் பட்டியலை எழுதினவரை ஒருமுறை பார்க்க வேண்டும், வரச் சொல். நானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஏழாம் எண்ணின் கிணற்றடியை வழக்கம்போல் குரலைத் தாழ்த்தி வர்ணித்தேன். மல்லாட்டையை வாயில் போட்டேன். அப்போதுதான் அந்த நாய் வந்தது.

நாய்

அருள்மேரி டீ டம்ளரை ஸ்டூலில் வைத்தார். "யப்பா, ஏழாவதுல நாயே வராதே," என்றார் மெதுவாக.

"வராதும்மா," என்றார் ஐயா. "நான்தான் உட்டேன்."

ஐயா என் பக்கம் திரும்பினார். பார்வை மங்கிய கண் என்றார்கள். என்னை அது நன்றாகவே பார்த்தது.

"கோவிச்சிக்காதீங்க சார். கமிட்டியில சில பேரு இருப்பானுங்க. ரெண்டு பேரா மூட்ட தூக்கும்போது கைய மட்டும் வெச்சிக்கினு நடப்பான். வெயிட்டு பூரா இன்னொருத்தன் மேல இருக்கும். ஆனா மூச்சு மட்டும் அவனுக்குத்தான் பெருசா வாங்கும். நாப்பது வருஷம் பாத்துக்கினு இருந்தவன் நான். நீங்க கெணத்தடியச் சொல்லும்போதே மூச்சு கொஞ்சம் ஜாஸ்தியா இருந்திச்சி."

பொய் சொல்லிப் பிடிபட்டவன் என்ன செய்வான்? இன்னொரு பொய்யைத் தேடினேன். கிடைக்கவில்லை. "மன்னிச்சிடுங்க ஐயா," என்றேன். "ஒண்ணுகூடப் படிச்சதில்ல. இது நான் படிக்க வேண்டிய நாவல்கள். எனக்காக எழுதி வெச்சிக்கினது."

அருள்மேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, மழைக்காலம்னு?"

"அலமாரிக்கு மேல ஒழுகும்மா. மழ வந்தா எடுத்து உள்ள வைக்கணும்னு..."

ஐயா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அடக்க முடியாமல் கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "ஒழுகுதாமே! யம்மா, ஒழுகுதாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவரோடு சேர்ந்து சிரித்துத் தப்பிக்கலாம் என்று நானும் பல்லைக் காட்டினேன்.

அருள்மேரி சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில இருக்கும்போது இவரு சாப்புட மாட்டேன்னுட்டாரு சார். மருந்து வாணாம், வூட்டுக்குக் கூட்டிக்கினு போ, போதும்னு சொன்னாரு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? யப்பா, ஆறாவது பாக்கி இருக்குது, அத மழையிலதான் படிக்கணும்னு சார் எழுதி இருக்காரு, மழ வர்ற வரைக்கும் இருன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் கஞ்சி குடிச்சாரு. தெனம் மழ எப்ப வரும்னு கேட்டுக்கினே இருந்தாரு." தட்டில் கிடந்த தோலையெல்லாம் கையால் ஒதுக்கி எடுத்தார். "ஒழுவுதுன்னு எழுதி இருக்கீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டீயைக் குடிக்காமல் எழுந்தேன். வெட்கமாக இருந்தது. பிடிபட்டதற்கான வெட்கம் எனக்குப் பழக்கம், அது ரெண்டு நாளில் ஆறிவிடும். இது அது இல்லை. தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்து போகும் வரை தலையை நிமிர்த்தவில்லை.

ஒலக்கூர்

திங்கட்கிழமை அருள்மேரி என் பெட்டிக்கு வரவில்லை. மகளிர் பெட்டியில் ஏறுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். எதிர் இருக்கை காலியாக இருந்தது.

ஏழாம் எண்ணைத் திறந்தேன். மயிலத்தில் முதல் பக்கம் முடிந்தது. வழக்கமாக ஏறுகிறவர், "இன்னா சார், எப்பிடி இருக்கீங்க?" என்றார். "படிச்சிக்கினு இருக்கேன்," என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினேன். இரண்டாம் பக்கம். அங்கே யாரையும் எனக்குத் தெரியாது. புதிதாகக் குடிவந்தவன் போல ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை. அது எனக்கு நாற்பதாம் பக்கத்தில் தெரிந்தது. ஊரில் பெரிய வீடு, கிணறு வற்றிவிட்டது என்று வெளியே தெரிந்தால் கௌரவம் போய்விடும். அதற்காக அந்த வீட்டு மருமகளான அந்தப் பெண் தினமும் விடியற்காலையில் வெறும் வாளியை இறக்கி, தெருவுக்குக் கேட்கும்படி ராட்டினத்தைச் சுழற்றுகிறாள். இத்தனை வருடமாக அந்தக் கயிற்றை அலுவலகத்துக்கே வர்ணித்தவன் நான். அந்தக் கிணற்றடியை நான் வர்ணித்ததும் ஐயா நாயை விட்டது சும்மா இல்லை என்று அப்போது தெரிந்தது.

வியாழக்கிழமை மாலை ரயிலில், அந்தப் பெண் கயிற்றைக் கையிலிருந்து நழுவ விடுகிற அத்தியாயம் வந்தது. கண்ணில் தூசி விழுந்தது என்று எழுத ஆசைதான். அழுதேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது வண்டி நின்றிருந்தது. பெயர்ப்பலகையில் ஒலக்கூர் என்று இருந்தது. திண்டிவனம் எப்போதோ போய்விட்டது.

இறங்கி வளர்மதிக்குப் போன் செய்தேன்.

"ஒலக்கூர்ல இருக்கேன். பஸ் புடிச்சி வர்றேன்."

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல. படிச்சிக்கினு இருந்தேன்."

"ஏங்க," என்றாள் வளர்மதி, "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

மறுபடியும் ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே போனேன். அவர்கள் பூசை முடிந்து வரும் வரை வீட்டு வாசலில் நின்றேன். கையில் ஏழாம் எண். பையில் நோட்டு.

ஐயா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அடையாளம் தெரிந்ததும் அங்கேயே நின்று கேட்டார்.

"இப்ப சொல்லுங்க சார். நாயி எப்பிடி?"

"நாயி இல்லீங்க ஐயா. ஆட்டுக்குட்டி. அதுவும் சாகல. கடைசியில மழ பேஞ்சி பள்ளத்துல நிக்கிற தண்ணிய மொதல்ல அதுதான் குடிக்குது."

"ஆங்," என்றார் ஐயா. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். "அந்தப் பொம்பள புருஷன் நெல்லு மூட்ட தூக்கற எடம்?"

அது எனக்கு நினைவில்லை. பழைய வழக்கப்படி ஒரு 'ம்' தொண்டை வரை வந்தது. முழுங்கிவிட்டேன். "அத நான் சரியா கவனிக்கலீங்க."

"பாருங்க. எழுதுனவரு அத தலையிலேருந்து எறக்குனான்னு எழுதி இருக்காரு. அம்மாம் பெரிய மூட்டைய எவன் சார் தலையில தூக்குவான்? கழுத்து போயிடும். முதுகுல போட்டு, கொக்கியால குத்திப் புடிக்கணும். கத நல்ல கத. ஆனா அவரு மூட்ட தூக்கல." எனக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த குற்றச்சாட்டில் இப்போது ஒரு பெரிய எழுத்தாளரும் பங்குக்கு வந்ததில், சொல்லக் கூடாது, ஓர் ஆறுதல்.

அருள்மேரி உள்ளே இருந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"முழுசா படிச்சீங்களா சார்?"

"கடைசிப் பக்கம் வரைக்கும்மா. வியாழக்கிழம ஒலக்கூர் போயிட்டேன்."

அவர் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்புக்குப் பக்கத்து ஊர்தான். "நோட்டு இருக்குதா? குடுங்க," என்றார். வாங்கிக்கொண்டு மாதா படத்துக்குக் கீழே இருந்த பேனாவை எடுத்தார். நின்றபடியே ஏதோ எழுதினார். மூடி என்னிடம் நீட்டும்போது விரலை அட்டை மேல் வைத்துக்கொண்டே சொன்னார்:

"எத வேணா படிங்க. ஆறாவத மட்டும் இப்ப தொடாதீங்க. அது மழைக்காலத்துலதான் படிக்கணும்."

"அப்ப இங்க வந்து படிங்க சார்," என்றார் ஐயா. "நானும் இன்னொருவாட்டி கேக்கறேன். இவ படிச்சா பாதியில அழுவுறா."

அதற்குப் பிறகு டீ வந்தது. இந்த முறை குடித்தேன்.

இப்போது மூன்றாம் எண்ணில் இருக்கிறேன். நான்காவதை எடுக்க வசதியாக ஸ்டெபிலைசருக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கி வைத்திருக்கிறாள் வளர்மதி. அலமாரிக்கு மேலே கூரையை அடைத்தாயிற்று. இந்த வருடம் மழை எப்போது வரும் என்று ஐயா ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார். நானும் அவரோடு சேர்ந்து வானத்தைப் பார்க்கிறேன்.

நோட்டில் அருள்மேரி என்ன எழுதினார் என்பதை அன்றைக்கு அவர் முன்னால் பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே நின்று திறந்தேன். ஏழாம் எண்ணுக்கு எதிரே ஒரு டிக் இருந்தது. ஸ்கேல் வைத்து நான் அடிக்கோடிட்ட தலைப்புக்கு முன்னால், தட்டச்சுப் போல அழகான கையெழுத்தில், விட்டுப்போயிருந்த ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்.

'சார் படிக்க வேண்டிய நாவல்கள்.'